காற்றை அளக்கும் சிறு குழாய்

விமானம் என்றால் பெரிய தொழிற்சாலையில்தான் உருவாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் பலர் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறக்கின்றனர். வேலையில் பாதிக்கு மேல் பொழுதுபோக்காளர்களே செய்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அத்தகைய விமானத்தில் வேகத்தை அறிய உதவும் பீட்டோ குழாயை எவ்வாறு பொருத்துகின்றனர் என்பதை இன்று காண்போம்.

காரின் வேகத்தைச் சக்கரம் சுழல்வதைக் கொண்டு அறிகிறோம். வானத்திலோ காற்றுதான் நமக்கு அளவுகோல். 1732-இல் ஆன்ரி பீட்டோ என்ற பிரெஞ்சு அறிஞர், வளைந்த கண்ணாடிக் குழாயால் சேன் ஆற்றின் ஓட்டத்தை அளந்தார். விமானத்திலும் அதே தத்துவந்தான். முன்னோக்கிய குழாயில் எதிர்க்காற்று மோதி அழுத்தம் கூடுகிறது. விமானத்தின் பக்கவாட்டிலுள்ள சிறு துளை, சுற்றிலுமுள்ள காற்றின் அழுத்தத்தைத் தருகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டையே வேகமானி காட்டுகிறது.

குழாயை எங்கே பொருத்துவது? மூக்கில் சுழலும் விசிறி கலக்கிவிட்ட காற்று படாத இடத்தில், பெரும்பாலும் இறக்கையின் அடியில், காற்றோட்டத்திற்கு நேராகப் பொருத்த வேண்டும். அங்கிருந்து மெல்லிய குழாய் வேகமானிக்குச் செல்லும். இணைப்புகளில் கசிவிருந்தால் வேகம் குறைவாகத் தெரியும். ஆகவே, வண்ணநீர் நிரப்பிய 'ப' வடிவக் கண்ணாடிக் குழாயை இணைத்து, மெதுவாக அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். இரு பக்க நீர்மட்டங்களும் சுமார் 165 மில்லிமீட்டர் வேறுபட்டால், முள் 100 நாட் காட்ட வேண்டும். அங்கேயே நிற்கவும் வேண்டும்.

பொருத்தியதோடு கவலை தீர்ந்ததா? இல்லை. குளவிக்கு இந்தத் துளை வசதியான வீடு! மண்ணால் குழாய் முழுதும் அடைபட்டால், உள்ளிருக்கும் அழுத்தம் மாறாது. விமானம் மேலேற ஏற வெளியழுத்தம் குறையும். வேகம் கூடாமலே முள் உயரும். அதை நம்பி விமானி மூக்கை மேலும் உயர்த்தினால், உண்மை வேகம் குறைந்து, இறக்கை தாங்கும் ஆற்றலை இழந்துவிடும்.

அதனால்தான் நிறுத்திய விமானத்தின் குழாய்க்கு உறையிடுகிறார்கள். ஆனால் உறையே ஆபத்தாகவும் ஆகலாம். 2018 ஜூலையில், பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் ஒன்று, குளவிக்காக இட்ட உறைகளை அகற்றாமலே மேலெழுந்தது. வேகமானிகள் பயனற்றுப் போயின. நல்லவேளையாக, விமானம் திரும்பி வந்து இறங்கியது, யாருக்கும் காயமில்லை.

ஆகவே, குழாயைப் பொருத்தும்போதே உறைக்கு நீண்ட சிவப்பு நாடாவும் தைத்துவிட வேண்டும். புறப்படுமுன் அந்த நாடாவைக் கையில் எடுத்த பிறகே விமானத்தில் ஏற வேண்டும்.