பிரிவு என்றால் எந்தப் பிரிவு?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் வாயில் தினமும் வரும் சொல் ‘பிரிவு’. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்கிறோம். டிவிசன் என்றும் சொல்கிறோம். இதை வகுத்தது தோட்ட நிர்வாகம். எந்த மலையில் கொழுந்து எடுப்பது, எந்தப் பிரட்டில் பேர் போடுவது என்பதற்காக வகுத்தது.

அரசாங்கத்தின் பிரிவு வேறு. கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் பல சேர்ந்தது பிரதேச செயலாளர் பிரிவு. அவை சேர்ந்ததே மாவட்டம். நம் பெரியவர்கள் இன்னும் ஏ.ஜி.ஏ. கந்தோர் என்பார்கள். பிரதேச செயலாளருக்கு அதிகாரங்களை மாற்றியது 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம்.

படிவத்தில் ‘பிரிவு’ என்று கண்டதும் ‘கீழ்ப்பிரிவு’ என்று எழுதிவிடுகிறோம். படிவம் கேட்பது அதையல்ல. தவறாக எழுதினால் விண்ணப்பம் திரும்பி வரும். ஒரு நாள் பேரும் போய்விடும்.

பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு என்பதையும் மனதில் வைப்போம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குச் செயலகத்துக்குப் போகிறோம். பாதைக்கும் தெருவிளக்குக்கும் சபையைக் கேட்க வேண்டும். சபை உறுப்பினர்கள் நம் வாக்கில் வந்தவர்கள்.

சட்டப் புத்தகத்திலும் ‘பிரிவு’ உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்குப் போட்டோம், ஆனால் லயத்துப் பாதைக்குக் கல் வரவில்லை. நாட்டிலிருந்து நம்மைப் பிரித்து வைத்த பிரிவு அது. மலையகம் தொடர்ந்து கேட்டதால் 2018இல் அது திருத்தப்பட்டது.

அதே ஆண்டுத் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் இரண்டும் ஆறாகின. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவை புதிய சபைகள். எல்லை மாறினால் நாம் தட்ட வேண்டிய கதவும் மாறும்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நான்கு பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைப்போம்: தோட்டப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலாளர் பிரிவு, பிரதேச சபை. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்போம். ஒரே தோட்டத்தின் இரண்டு டிவிசன்கள் வேறு வேறு கிராம உத்தியோகத்தரிடம் இருக்கலாம். பக்கத்து லயத்தைப் பார்த்து எழுத வேண்டாம். இந்தப் பெயர்களைக் கமிட்டித் தலைவர்மார் கேட்டறிந்து பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

அவர்கள் எத்தனை பிரிவாக வகுத்தாலும், உரிமை கேட்கும்போது நாம் ஒரே பிரிவு.