தலைக்குள் எழுத்தில்லை, இழை உண்டு

(படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் விவசாயத் தோழர் ஒருவர் கேட்டார்: "எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, அது தலையெழுத்து என்கிறார்களே, மெய்தானா?" தலையைத் திறந்து பார்த்த விஞ்ஞானிகள் கண்டதைச் சொல்வதே இதற்கு நல்ல பதில் என்று நாம் நினைத்தோம்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றிலிருந்தும் இழைகள் கிளம்பி மற்ற அணுக்களுக்குச் செய்தி கொண்டு போகின்றன. சிக்குண்ட வெள்ளை நூல் குவியலில் ஒரே இழையின் இரு முனைகளையும் தேடுவது எவ்வளவு பாடு என்பது பஞ்சாலைத் தோழர்களுக்குத் தெரியும். நாலைந்து இழைகளுக்கு மட்டும் கறுப்புச் சாயம் ஏற்றினால்? 1873ல் இத்தாலியில் காமில்லோ கோல்ஜி செய்தது அதுதான். வெள்ளி உப்பினால் சில நரம்பணுக்கள் மட்டும் கறுத்தன. மைக்ராஸ்கோப்பில் அவற்றின் முழு உருவம் தெரிந்தது.

ஸ்பெயின் தேசத்து ராமோன் இ கஹாலைச் சிறு வயதில் தகப்பனார் சவரக் கடையிலும், செருப்புத் தைப்பவரிடமும் வேலை பழக விட்டார். அவர்தான் பின்னால் கோல்ஜியின் சாயமுறையைச் சீர்திருத்தி, நரம்பணுக்கள் ஒரே வலையாக ஒட்டிக் கிடக்கவில்லை, ஒவ்வொன்றும் தனி அணு என்று 1888ல் எடுத்துக் காட்டினார். கோல்ஜி ஒப்பவில்லை. 1906ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு தந்தபோதும் மறுத்தே பேசினார். நிலைத்தது கஹாலின் கூற்றே.

ஆனால் ஒளிக்கு ஓர் எல்லை உண்டு. மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒன்றாகவே தெரியும். நரம்பிணைப்புகளோ அதைவிட நெருக்கமானவை. ஆகவே எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தது. அதைக் கொண்டு 1986ல் ஒரு சிறு புழுவின் 302 நரம்பணுக்களுக்கும், 2024ல் பழ ஈயின் சுமார் 1,40,000 நரம்பணுக்களுக்கும் படம் வரைந்தார்கள்.

2015ல் அமெரிக்காவில் எட்வர்ட் பாய்டன் குழுவினர் வேறு வழி கண்டார்கள். கண்ணாடியின் வலுவைக் கூட்ட முடியாதா? பார்க்கும் பொருளையே பெரிதாக்குவோம்! குழந்தைகளின் அணையாடையில் ஈரம் உறிஞ்சும் பொருளை மூளைத் துண்டுக்குள் ஏற்றி, நீர் விட்டார்கள். ஊறிய உளுந்துபோல் அது நாலரை மடங்கு விரிந்தது. 2025ல் ஆஸ்திரியாவில் யோஹான் டான்சிலின் குழுவினர், கூகுள் ஆராய்ச்சியாளர்களுடன் சேர்ந்து, சுண்டெலி மூளைத் துண்டை 16 மடங்கு விரித்தார்கள். ஒளி மைக்ராஸ்கோப்பைக் கொண்டே, கம்ப்யூட்டர் துணையுடன், இழை இழையாக இணைப்புகளைத் தொடர்ந்தார்கள்.

மனித மூளையின் முழுப் படம் இன்னும் வெகுதூரத்தில் இருக்கிறது. ஆனால் இதுவரை பார்த்த எவரும் உள்ளே எழுத்து எதையும் காணவில்லை. கூலிக்காரர் பிள்ளைக்கு ஒரு வகை அணு, மிராசுதார் பிள்ளைக்கு வேறு வகை அணு என்று எந்த மைக்ராஸ்கோப்பும் காட்டவில்லை. இருப்பவை இணைப்புகள். கற்கக் கற்க அவை வலுக்கின்றன, புதியவை தோன்றுகின்றன. வயிற்றுக்குச் சோறும், உட்காரப் பள்ளியும், சொல்லித்தர ஆசிரியரும் கிடைத்தால் நம் பிள்ளைகளின் தலையிலும் அந்த வேலை நடக்கும்.

கேள்வி கேட்ட தோழரே, நாளைக் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்கள்!