அணையாத அடுப்பு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. வாங்காத பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வாழ்த்து. அடுத்த ஆண்டு இந்த மேடை உங்களுக்காகக் காத்திருக்கிறது. பரிசளிப்பு விழாவுக்கு வந்தவர் படிப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் சோற்றைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். காலையில் பசியாறாமல் வந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

2021-ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜனவரி 12-ஆம் தேதி நாட்டில் அவசர காலம் அறிவிக்கப்பட்டது. மறுநாளே பல மாநிலங்களில் நடமாட்டக் கட்டுப்பாடு திரும்பவும் வந்தது. ஜூன் 1-ஆம் தேதி முழு முடக்கம். ஆகஸ்டு 26-ஆம் தேதி ஒரே நாளில் 24,599 பேருக்கு கோவிட் நோய் கண்டது. அப்பாடா, கொஞ்சம் மூச்சு விடலாம் என்று இருந்தபோது டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நட்டம் 610 கோடி வெள்ளி என்று அரசாங்கப் புள்ளிவிவர இலாகா கணக்கிட்டது.

ஒரே ஆண்டில் இத்தனை அடி. இதில் பசித்தவனுக்குச் சோறு போட்டவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்? அதைத்தான் இன்று உங்களோடு பேச வந்தேன். அவர்கள் எல்லாம் நம்மைவிடப் பெரிய மனசுக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் சொன்னால் நமக்கு அதில் வேலை இல்லாமல் போய்விடும். உண்மை வேறு. இரக்கம் எல்லாருக்கும் வரும். வந்த இரக்கத்தை வருடம் முழுக்கத் தாங்குவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு கற்றுக்கொள்ளக்கூடியது.

தமிழ்நாட்டில் வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் தேதி சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது என்பது நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியும். பிள்ளைகளே, ஒன்று யோசித்துப் பாருங்கள். 150 ஆண்டுக்கு மேல் ஓர் அடுப்பு எப்படி எரியும்? ஒரு மனிதரால் அவ்வளவு காலம் விழித்திருக்க முடியுமா? முடியாது. ஒருவர் தூங்கப் போகும்போது இன்னொருவர் அடுத்த விறகை வைத்தார். அவ்வளவுதான் இரகசியம்.

நிவாரண வேலையும் அப்படித்தான். முதல் வாரத்தில் அரிசி மூட்டை வைக்க இடம் பற்றாது. படம் பிடிக்க ஆள் வரும், மாலை போட ஆள் வரும். மூன்றாவது மாதத்தில் பார்த்தால் பத்துப் பேர் செய்த வேலையை மூன்று பேர் செய்துகொண்டிருப்பார்கள். அந்த மூன்று பேரும் தூங்காமல், வீட்டைக் கவனிக்காமல் ஓடினால் நாலாவது மாதம் அவர்களே படுத்துவிடுவார்கள். ஆகவே சமைக்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். "இன்னைக்கு நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிற குழுதான் ஆண்டுக் கடைசி வரை நிற்கும்.

இரண்டாவது, எந்தக் கஷ்டத்துக்கு எந்தச் சாப்பாடு என்று தெரிய வேண்டும். நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டில் அடுப்பு இருந்தது, கேஸ் தோம்பும் இருந்தது. நாள் கூலி நின்றுபோனதால் அரிசி வாங்கக் காசு இல்லை. அங்கே தேவைப்பட்டது மளிகைச் சாமான்: அரிசி, பருப்பு, எண்ணெய், மாவு, சீனி, சார்டின் டின், பிள்ளை உள்ள வீட்டுக்குப் பால் மாவு. வெள்ளத்தில் நிலைமை தலைகீழ். அடுப்பே தண்ணீருக்குள். அங்கே பத்துக் கிலோ அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தக் குடும்பம் அதை எங்கே வைத்து எப்படிச் சமைக்கும்? சமைத்த பொட்டலமும் குடிதண்ணீரும்தான் வேண்டும். அதுவும் நான்கு மணி நேரத்துக்குள் வயிற்றுக்குள் போக வேண்டும். தேங்காய்ப் பால் ஊற்றிய கறி சீக்கிரம் கெட்டுவிடும். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் வடிந்த பிறகு தேவை திரும்பவும் மாறும்: துடைப்பம், வாளி, பாய், மெத்தை, அதன்பின் புது அடுப்பு. அடுப்பு வந்த பிறகுதான் அரிசிக்கு வேலை. நம் தாய்மார்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. நிவாரணக் கூட்டம் போடும்போது அவர்களைக் கூப்பிட்டு முன் வரிசையில் உட்கார வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த டிசம்பரில் பெட்டாலிங் ஜெயா சீக்கியர் கோயிலின் சமையல்கூடத்தில் சட்டி இறங்கவே இல்லை. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லாரும் அங்கே வந்து காய் நறுக்கினார்கள், பொட்டலம் கட்டினார்கள். ஒரே இரவில் அவ்வளவு பெரிய சமையல் எப்படி முடிந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. வந்தவர் எவராயினும் ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சோறு போடும் வழக்கம் சீக்கியர்களுக்கு ஐந்நூறு ஆண்டுப் பழக்கம். பெரிய சட்டி, பெரிய கரண்டி, பழகிய கைகள் எல்லாம் வெள்ளம் வருவதற்கு முன்பே அங்கே இருந்தன. சாப்பாடு சைவம் என்பதால் எந்த மதத்துக்காரரும் தயங்காமல் வாங்கிச் சாப்பிட முடிந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு சட்டி தேடினால் கிடைக்குமா?

மூன்றாவது, விதிகள் மாறும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி முதல் கட்டுப்பாடு வந்தபோது, மாதக் கடைசியில், பொது இயக்கங்கள் நேரே போய்ச் சாமான் கொடுக்கக் கூடாது, சமூக நல இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நோய் பரவும் என்ற அச்சம் காரணம். பின்னர் அதிகாரிகளோடு சேர்ந்து போய்க் கொடுக்க வழி பிறந்தது. அந்த மாதிரி நேரத்தில் கோபப்பட்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. எந்த வீட்டில் எத்தனை பேர், எத்தனை குழந்தை, யாருக்கு இனிப்பு நீர், யார் தனியாக இருக்கும் பாட்டி என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதி வைத்திருந்தவர்களும் உண்டு. பட்டியல் கையில் இருந்தால் சாமானை யார் கொண்டுபோனாலும் அது சரியான வாசலுக்குப் போய்ச் சேரும்.

இப்போது சொல்லப் போவதுதான் முக்கியம். 2021 ஜூன் கடைசியில் நாடெங்கும் ஒரு பேச்சுப் பரவியது. வீட்டில் சாப்பாடு இல்லையா? வெட்கப்படாதே, வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டு, பார்த்தவர்கள் உதவுவார்கள் என்றார்கள். வெள்ளைக் கொடி என்று பெயர். முன்பின் தெரியாதவர்கள் அரிசியும் முட்டையும் வாங்கிக்கொண்டு அந்தக் கொடிகளைத் தேடிப் போனார்கள். அது நம் நாட்டுக்குப் பெருமை. ஆனால் கொடி கட்ட மனம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தண்ணீர் குடித்துப் படுத்த தகப்பன்மாரும் இருந்தார்கள். "நாங்க உழைச்சுச் சாப்பிட்டவங்க, யார்கிட்டயும் கை நீட்டினதில்ல" என்பது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. அந்த மானத்தைக் குறை சொல்லாதீர்கள். அதை மதித்து உதவக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெரியவர்களே, நாம் லயத்தில் இருந்த காலத்தில் வெள்ளைக் கொடி தேவைப்படவில்லை. ஏன்? ஒரு வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். சாவு விழுந்த வீட்டில் உலை வைக்க மாட்டார்கள். அடுத்த வீட்டிலிருந்து சோறு வரும். அதற்குக் கமிட்டி கிடையாது, விண்ணப்பப் பாரம் கிடையாது. "என்ன அக்கா, இன்னைக்குக் குழம்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று ஒரு மங்கில் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கூடிப்போகவில்லை என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டு துண்டாகி, பிள்ளைகள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போன பிறகு கதவும் மூடிக்கொண்டது, இரும்புக் கம்பியும் வந்தது. அடுத்த வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத இடத்தில்தான் பசிக்குக் கொடி கட்ட வேண்டியிருந்தது.

உதவி வாங்கியவர்கள் என்றைக்கும் வாங்குகிறவர்களாகவே இருக்கவும் இல்லை. கொடி கட்டிய மாதத்தில் அரிசி வாங்கிய கைகள் வெள்ளம் வந்த மாதத்தில் பொட்டலம் கட்ட வந்தன. ஆகையால் கொடுக்கும்போது முகத்தைப் படம் பிடித்துப் போடாதீர்கள். நாளைக்கு உங்கள் பக்கத்தில் நின்று வெங்காயம் உரிக்கப் போகிறவர் அவர்.

இதற்கெல்லாம் பணக்காரர்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். துன் சம்பந்தன் அவர்கள் 1960-ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதை மூத்தவர்கள் அறிவார்கள். பால் வெட்டுகிறவர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு. அந்தச் சின்னப் பணம் சேர்ந்துதான், துண்டாடப்பட இருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கினார்கள். நம் ஆட்களுக்குச் சேர்த்து வைக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

மாணவர்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போடுவார்கள். ஒரு பிடி ஏறத்தாழ 50 கிராம். நாற்பது வீடுகள் தினமும் ஒரு பிடி எடுத்து வைத்தால் நாளுக்கு 2 கிலோ. முப்பது நாளில் 60 கிலோ. பத்துக் கிலோப் பையில் ஆறு பை. ஆறு குடும்பங்களுக்கு அந்த மாத அரிசியில் பெரும் பங்கு வந்துவிட்டது. எந்த வீட்டிலும் ஒரு வாய்ச் சோறு குறைந்ததாகத் தெரியாது.

ஆகவே இந்த விழாவில் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இன்னொரு கொடி, இன்னொரு வெள்ளம் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு பிடி அரிசிப் பானை, ஒரு பெரிய சட்டி, ஒரு நோட்டுப் புத்தகம், சாவிக்கு இரண்டு பேர். இந்த நான்கையும் இந்த மாதமே தயார் செய்யுங்கள். நோட்டுப் புத்தகத்தை ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதட்டும். அவர்கள் இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைக்கட்டும். மாதம் ஒரு முறை கணக்கை எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள். கணக்குச் சுத்தமாக இருந்தால் கொடுக்கிற கை ஓயாது.

இன்று வாங்கிய பரிசுக் கிண்ணம் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். அடுக்களையில் அந்தப் பிடி அரிசிப் பானையும் இருக்கட்டும்.