நாற்காலியிலிருந்து சைக்கிளுக்கு

(பழைய மாணவியர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது, "எதைப் பற்றிப் பேசப்போகிறீர்கள்?" என்று செயலாளர் கேட்டார். "சைக்கிள் ஓடுவதைப் பற்றி" என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் சத்தமே இல்லை. என்னோடு படித்தவர்களுக்கு அந்த மௌனத்தின் காரணம் விளங்கும். இல்ல விளையாட்டுப் போட்டியில் நான் ஒரு நாளும் ஓடியது கிடையாது. புள்ளிப் பலகையில் இலக்கம் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு நிழலில் நின்றுவிடுவேன்.

என் அம்மா பசறை வீதியில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். விடிந்தும் விடியாமலும் பெரட்டுக்களம், பிறகு மலை, கூடை நிறைந்ததும் நிறுவைக்கு இறக்கம், மறுபடியும் ஏற்றம். "நீ படிச்சு நாற்காலியில உக்காரணும்" என்பதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். இந்தக் கல்லூரியின் புண்ணியத்தில் நானும் உட்கார்ந்தேன். எழுதுவினைஞராக 27 வருடங்கள் நன்றாகவே உட்கார்ந்தேன்.

49 வயதில் கிளினிக் கொப்பி என் கையில் இருந்தது. சீனி வருத்தம், இரத்த அழுத்தம், முழங்கால் வலி. எடை 78 கிலோ. அலுவலகத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினால், மேசைக்கு வந்து ஐந்து நிமிடம் யாரோடும் பேசமாட்டேன். கோப்பு பார்ப்பதுபோல் குனிந்துகொள்வேன். மூச்சு வாங்குவது பிறருக்குத் தெரியக்கூடாதே! அந்த வருடம்தான் நம்மோடு படித்த ஒருத்தி சீனியால் இரண்டு கால் விரல்களை இழந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் உழைப்பைப் புகழ்ந்து பாட நான் வரவில்லை. அது அவருடைய முதுகை வளைத்த உழைப்பு. அதிலிருந்து மகளை மீட்கத்தான் அவர் பாடுபட்டார். ஆனால் மலையிலிருந்து நாற்காலிக்கு வந்த நாம், உடம்புக்கு வேண்டிய அசைவையும் மலையிலேயே விட்டுவிட்டு வந்தோம். அதை நம் விருப்பப்படி, நம் அளவில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

2022ஆம் ஆண்டு நடுப்பகுதி உங்களுக்கு நினைவிருக்கும். பெற்றோல் வரிசை கிலோமீற்றர் கணக்கில் நின்றது, பஸ்ஸும் குறைந்துபோனது. மகன் கொழும்புக்குப் போகும்போது விட்டுச்சென்ற கியர் சைக்கிள் களஞ்சிய அறையில் தூசி படிந்து கிடந்தது. எனக்கு அப்போது 51 வயது. சைக்கிளில் ஏறியதே இல்லை. யாழ்ப்பாணத்தில் பெண் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு வரிசையாகச் சைக்கிளில் பாடசாலை போவதைப் பார்த்திருக்கிறேன். அது சமதரை. நம் ஊரில் வீட்டு வாசலை விட்டு இறங்கினாலே ஏற்றம் அல்லது இறக்கம். அதனால் நம்மில் பலருக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

"இந்த வயசில விழுந்தா எலும்பு சேராது" என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் மறுநாள் அவரேதான் ஆசனத்தை இறக்கித் தந்தார். கற்பதற்கு அதுதான் முதற்படி. இரண்டு பாதங்களும் நிலத்தில் படும்படி ஆசனத்தைத் தாழ்த்தி, பெடல்களைக் கழற்றிவிட்டு, காலால் உந்தி உந்தி நகரவேண்டும். சமநிலை பழகியதும் பெடலைப் பூட்டலாம். பார்வை முன் சக்கரத்தில் அல்ல, போகும் திசையில் இருக்கவேண்டும். பின்னேரங்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் பழகினேன். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் பார்வையாளர்கள். இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை செவ்வரத்தை வேலிக்குள். 19ஆம் நாள் ஒழுங்கையின் கடைசிவரை கால் ஊன்றாமல் போனேன். சிறுவர்கள் கைதட்டினார்கள். விளையாட்டுக்காக என் வாழ்நாளில் கிடைத்த முதல் கைதட்டல் அது.

வெட்கம் வந்தபோதெல்லாம் இரண்டு செய்திகளை நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவின் மதுவிலக்கு இயக்கத் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட் 53 வயதில் சைக்கிள் பழகினார். ஒரு நாளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் என்று ஏறத்தாழ மூன்று மாதம் அவருக்குப் பிடித்தது. தம் சைக்கிளுக்குக் 'கிளாடிஸ்' என்று பெயரும் வைத்து, 1895இல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். மற்றது நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த புதுக்கோட்டைச் சீமைச் செய்தி. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓடக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். கல்குவாரியில் வேலை செய்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள் நம் உறவுக்காரிகள்தானே!

பழகியதும் பாதையில் இறங்கினேன். முதலில் ஹாலிஎல வீதியில் இரண்டு கிலோமீற்றர். ஒரு சிறிய ஏற்றத்திலேயே நெஞ்சு அடைத்ததுபோல் ஆனது. இறங்கித் தள்ளினேன். பிழை காலில் இல்லை, கியரில் இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது. நம் தெமோதரை வளையத்தை நினைத்துப் பாருங்கள். செங்குத்தாக இறங்க முடியாத ரயில் பாதை மலையைச் சுற்றி வளைந்து, தன் நிலையத்துக்கே அடியிலுள்ள சுரங்கத்தால் போகிறது. தூரம் கூடுகிறது, சரிவு குறைகிறது. குறைந்த கியரும் அதே வேலையைத்தான் செய்கிறது. பெடலைக் கூடுதலான தடவை மிதிக்கிறோம், ஆனால் ஒவ்வொரு மிதியும் இலேசாகிறது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். ஏற்றத்தின் நடுவில் மாற்றப் பார்த்தால் சங்கிலி முரண்டு பிடிக்கும்.

வேகம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் வந்தால் பேசமுடிய வேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் அளவு. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் இப்படி உடம்பை அசைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் 40 நிமிடத்தில் தொடங்கி, அந்த அளவைத் தொட ஐந்து மாதம் எடுத்தேன்.

சில எச்சரிக்கைகள். மருந்து எடுப்பவர்கள் முதலில் டொக்டரைக் கேளுங்கள். சீனி திடீரென்று இறங்கலாம், பையில் நாலு டொபி இருக்கட்டும். தலைக்கவசம் இல்லாமல் ஏறவேண்டாம். மழை ஈரத்தில் இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடிக்காதீர்கள், இரண்டையும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். வளைவில் பஸ் சத்தம் கேட்டால் ஓரமாக நின்றுவிடுங்கள்.

ஒரு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பிறந்த தோட்டத்துக்குப் பசறை வீதியில் ஏறினேன். பாதித் தூரம் மிதித்தேன், பாதித் தூரம் தள்ளினேன். தோட்டத்துச் சந்தியில் அம்மாவோடு கொழுந்து பறித்த ஒரு பெரியம்மா உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஏ புள்ள, படிச்ச புள்ள நீ, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?" என்றார். சிரித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். "அப்ப ஏன் இப்படி மூச்சு வாங்குற? மேட்டுல எட்டி அடி வைக்கக்கூடாது. சின்னச் சின்ன அடியா வச்சா நாள் பூரா ஏறலாம்" என்றார். நான் இவ்வளவு நேரம் உங்களுக்குச் சொன்ன கியர் விளக்கத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

கணக்கையும் சொல்கிறேன். எடை 78இலிருந்து 71. மூன்று மாதச் சீனி அளவு 9.1இலிருந்து 7.2. சோற்றைக் குறைத்ததற்கும் மருந்துக்கும் அதில் பங்கு உண்டு. மாத்திரை முற்றாக நிற்கவில்லை, ஒன்று பாதியானது. முழங்கால் இன்னும் சில நாட்களில் முணுமுணுக்கும். ஆனால் இரண்டாம் மாடிக்கு ஏறி வந்ததும் பக்கத்து மேசையில் இருப்பவரோடு பேசுகிறேன். கோப்புக்குள் குனிவதில்லை.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகப் பல திட்டங்கள் பேசப்படுகின்றன. அவற்றோடு ஒரு ஐந்தாறு கியர் சைக்கிள்களையும் கல்லூரிக்கு வாங்கிக் கொடுப்போம். இங்கிருந்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையும், லயத்திலிருந்து வருபவளும் நகரத்திலிருந்து வருபவளும், சைக்கிள் ஓடத் தெரிந்தவளாகப் போகட்டும். புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் நிழல் தேடி நிற்கும் பிள்ளையை முதலில் ஏற்றுங்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லையென்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன்.