வீங்கிய கால்களும் தடவும் கைகளும்



பால்மரக் காட்டில் முப்பது, நாற்பது ஆண்டுகள் நின்று உழைத்த கால்கள் முதுமையில் மாலைதோறும் வீங்கக் காண்கிறோம். தைலம் தேய்த்து அழுத்தி உருவிவிடுவது நம் லயங்களில் வழக்கம். அன்பின் மிகுதிதான், ஆனால் அழுத்தமும் மிகுதி.

நிணநீரைச் சுமக்கும் மெல்லிய நாளங்கள் தோலுக்கு அடியிலேயே உள்ளன. டென்மார்க்கு நாட்டவரான எமில் வோடர் 1930களில் வகுத்த முறையில் தைலம் இல்லை. தோல் சற்றே நகரும் அளவுக்குத்தான் கை படும். தொடக்கமும் பாதத்தில் அன்று. முதலில் தொடை இடுக்கு, பிறகு தொடை, முழங்கால், இறுதியிலேயே பாதம். கை செல்லும் திசை எப்போதும் மேல்நோக்கியே. மழைக்காலத்தில் கான் வெட்டியவர்களுக்கு இது புதிதன்று: வாய் திறவாமல் நீர் வடியுமா?

தடவியபின் துணிக்கட்டு இல்லையேல் நீர் மீண்டும் இறங்கிவிடும். உண்மையில் பெரும்பகுதி வேலையைச் செய்வது அக்கட்டே. காலின் இரத்த ஓட்டத்தைச் சோதித்த பின்னரே அதனைக் கட்டவேண்டும். ஆதலால், இரண்டையும் பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்வதே முறை.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, சூடேறினால் யாரும் தடவலாகாது. உள்ளே உறைந்த இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிரே போகக்கூடும். கால் சிவந்து காய்ச்சல் கண்டாலும், இரு கால்களும் வீங்கி மூச்சு வாங்கினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் சிலவும் காலை வீங்கச் செய்யும். தாமாக நிறுத்தாமல், பெரியவர் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் பையில் இட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.