மெதுவாக ஓட ஒரு மோட்டார் படகு

(மறுசந்திப்பு நாளன்று இயந்திரவியல் துறை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மிச்சிகன் ஏரியில மீன் பிடிக்கிறியாமே, அதைப் பத்திப் பேசு" என்று சங்கச் செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். மீனைப் பற்றிப் பேசினால் பொய் கலந்துவிடும். எனவே படகைப் பற்றிப் பேசுகிறேன். அது நம்ம டிபார்ட்மென்ட் விஷயம்.

ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைக்க வேண்டாம். அதன் பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பசிபிக் கடலோரத்துச் சால்மன் மீன் குஞ்சுகளை, கோஹோ வகையை 1966-லும் சினூக் வகையை 1967-லும் மிச்சிகன் மாநில அரசு அங்கே விட்டது. 1967 இலையுதிர் காலத்தில் கோஹோ பெருத்துக் கரையோரம் கூடியது. ஜனங்கள் கையில் கிடைத்த சின்னப் படகையெல்லாம் தண்ணீரில் இறக்கினார்கள். செப்டம்பர் 23 அன்று எச்சரிக்கையையும் மீறிப் போனவர்கள் புயலில் சிக்க, ஏழு பேர் இறந்தார்கள். நான் சொல்லப்போகும் நட்டு, போல்ட்டு சமாசாரத்துக்கெல்லாம் இதுதான் பின்னணி.

நம் கடற்கரையில் டிராலிங் என்பது வலையை இழுப்பது. நான் சொல்வது டிரோலிங். படகை மணிக்கு இரண்டு, மூன்று மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டே போலி இரையைப் பின்னால் இழுத்துப் போவது. கோடையில் சால்மன் குளிர்ந்த நீரைத் தேடி ஆழத்துக்குப் போய்விடும். இரையை அங்கே இறக்க டவுன்ரிகர் என்று ஒரு சின்ன வின்ச். பத்துப் பன்னிரண்டு பவுண்டு ஈயக்குண்டைக் கம்பியில் தொங்கவிட்டு, தூண்டில் நரம்பை ஒரு கிளிப்பில் மாட்டி இறக்குவோம். மீன் கடித்ததும் கிளிப் விடுபடும்.

இங்கேதான் பிரச்சினை. 90 குதிரைத்திறன் எஞ்சினை வேகமாக ஓடத்தான் வடிவமைக்கிறார்கள். அதைப் பிடித்து ஆறு மணி நேரம் நடக்க வைக்கிறோம். பழைய டூ ஸ்ட்ரோக் என்றால் பிளக்கில் கரி பிடிக்கும். எந்த எஞ்சினானாலும் ஐடிலில் ஆல்டர்னேட்டர் தரும் கரன்ட் சொற்பம். மீன்காட்டும் கருவி, மின்சார வின்ச், விளக்கு எல்லாம் பேட்டரியை உறிஞ்சிவிட்டு, திரும்பிவர சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆகவே ஸ்டார்ட் செய்ய ஒரு பேட்டரி, மற்றதுக்கெல்லாம் தனியாக ஒரு பேட்டரி. மெதுவாக ஓட பக்கத்தில் ஒரு 9.9 குதிரைத்திறன் குட்டி எஞ்சின். பெரியது மக்கர் பண்ணினால் வீடு சேர்ப்பதும் இதுதான். ஆனால் இரண்டுக்கும் ஒரே டேங்க் வைத்து, அதில் தண்ணீர் கலந்துவிட்டால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். குட்டிக்குத் தனி டேங்க் வையுங்கள்.

வின்ச்சை வெறும் திருகாணியில் பொருத்தாதீர்கள். அடியில் தகடு கொடுத்து, ஊடுருவிப் போகும் போல்ட் போடுங்கள். ஏன் என்றால், குண்டு அடியில் பாறையிலோ மூழ்கிய மரத்திலோ மாட்டினால் கம்பி சுலபத்தில் அறாது. படகின் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்கும். பின்பக்கம்தான் தாழ்வு. அலை நேராக உள்ளே வரும். பிரேக்கைக் கொஞ்சம் தளர்வாகவே வைத்து, கம்பி வெட்டும் கட்டிங் பிளேயரைக் கை எட்டும் தூரத்தில் மாட்டிவையுங்கள். பெட்டிக்குள் இருக்கும் பிளேயர் இல்லாததற்குச் சமம்.

பராமரிப்பில் இம்பெல்லர், கிரீஸ் எல்லாம் மேனுவலில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். இந்தத் தொழிலுக்கே உரிய வியாதி ஒன்று உண்டு. அறுந்த தங்கூஸ் நரம்பு புரொப்பெல்லருக்குப் பின்னால் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுழலச் சுழல அது ஷாஃப்ட் சீலை அறுக்கும். கியர் ஆயிலுக்குள் தண்ணீர் புகும். ஓடும்போது ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து விரிந்து, அலுமினிய கியர் பெட்டியையே பிளந்துவிடும். ஓரணா நரம்பு, முழு கியர் பெட்டிக்கு வேட்டு! சீசன் நடுவே அடிக்கடி புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இலையுதிர் காலத்தில் பழைய ஆயிலை வடித்துப் பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போச்சு என்று அர்த்தம். எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்திவையுங்கள், தண்ணீர் தானாக வடியும். அங்கே பெட்ரோலில் பொதுவாகப் பத்து சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். எனவே டேங்கில் ஸ்டெபிலைசர் ஊற்றி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்புறம் மூடுங்கள்.

கடைசியாக, எஞ்சினை நிறுத்தும் சுருள் கயிறு. ஓட்டுபவர் உடம்பில் மாட்டிக்கொள்வது. அவர் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு எஞ்சின் நிற்கும். 26 அடிக்குக் குறைந்த படகுகளில் இதை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். ஆனால் படகு வேகமெடுத்து ஓடும்போது மட்டும்தான் கட்டாயம். டிரோலிங் வேகத்துக்கு விலக்கு! என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள். தனியாகப் போனவர் வின்ச் பக்கம் குனிந்து தவறி விழுந்தால், தானியங்கி ஸ்டியரிங்கில் படகு தன் பாட்டுக்கு இரண்டரை மைல் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். சட்டை, பூட்ஸோடு குளிர்ந்த நீரில் அந்த வேகத்துக்கு நீந்த நம்மில் யாராலும் முடியாது. குட்டி எஞ்சினுக்கும் அந்தக் கயிறு உண்டு, பலர் அதை ஸ்விட்சிலேயே விட்டுவைக்கிறார்கள்.

என் படகில் கயிறு மாட்டாதவருக்கு ஸ்டியரிங் கிடையாது, சீனியரானாலும் சரி. மிச்சக் கேள்விகளைக் காபி நேரத்தில் கேளுங்கள்.