ஆலயத்திற்கு வெளியே

பிறந்து வளர்ந்த சமயத்தை விட்டு விலகியவரைப் பற்றி உலகத்தில் இரண்டு விதமான கதைகள் வழங்குகின்றன. சமயத்தில் நிலைத்திருப்பவர்கள் சொல்லும் கதையில் அவர் வழி தவறியவர். விலகியவர்கள் சொல்லும் கதையில் அவர் விலங்கொடித்தவர். இரண்டு கதைகளும் ஆலயத்தின் வாசலோடு முடிந்துவிடுகின்றன. வாசலைத் தாண்டியவர் மறுநாள் காலையில் எழுந்து எப்படி வாழ்கிறார், யாரை எவ்வாறு நேசிக்கிறார், பழைய பக்தி குடியிருந்த இடத்தில் எதை வைத்துக்கொள்கிறார் என்பவற்றை இரண்டு கதைகளுமே சொல்லுவதில்லை. அவற்றைத் தம் வாழ்க்கையாலும் எழுத்தாலும் சொன்னவர் ஒருவர் ஆங்கில இலக்கியத்தில் இருக்கிறார். ஜார்ஜ் எலியட் என்னும் ஆண்பெயரைப் பூண்டு நாவல்கள் எழுதிய மேரி ஆன் எவான்ஸ் அம்மையாரே அவர்.

1819ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள வாரிக்ஷயர் மாவட்டத்தில் அவர் பிறந்தார். தந்தை ராபர்ட் எவான்ஸ் ஒரு பெரிய பண்ணையின் காரியஸ்தர். ஞாயிறுதோறும் ஆங்கிலத் திருச்சபையின் ஆலயத்திற்குச் செல்வதைக் குடும்ப மரியாதையாகக் கருதிய சாதாரண பக்தர். மகளுடைய பக்தி அத்தகையதன்று. பள்ளியில் அன்பு மிக்க ஆசிரியை ஒருவர் வழியாக அவர் சுவிசேஷ இயக்கத்தின் கண்டிப்பான பிரிவில் ஈடுபட்டார். மனிதன் பாவி, உலக இன்பம் ஆன்மாவுக்குப் பகை, ஒவ்வொரு நாழிகையையும் கடவுளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1838இல், பதினெட்டு வயதில், அண்ணன் ஐசக்குடன் அவர் லண்டனுக்குச் சென்றார். நாடகம் பார்க்க வர மறுத்துவிட்டு, மாலை வேளைகளில் தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் வாங்க விரும்பிய முக்கியமான பொருள் ஜோசிபஸ் எழுதிய யூதர் வரலாறு. நாவல் படிப்பது மனத்திற்குக் கேடு என்றுகூட அக்காலத்தில் தம் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில் ஆங்கிலத்தின் மிகச் சிறந்த நாவல்களுள் சிலவற்றை எழுதப்போகிறவர் அவர்!

1841இல் தந்தையும் மகளும் கவென்ட்ரி நகரத்தின் அருகே குடியேறினார்கள். அங்கே ரிப்பன் உற்பத்தியாளரான சார்லஸ் பிரே என்பவரும் அவரைச் சார்ந்தவர்களும் நண்பர்களாயினர். கிறிஸ்தவ சமயத்தின் தோற்றத்தைச் சரித்திர முறையில் ஆராய்ந்து சார்லஸ் ஹென்னல் எழுதிய நூலையும் மேரி ஆன் படித்தார். அற்புதங்களை நம்ப அவரால் முடியவில்லை. 1842ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இனி ஆலயத்திற்கு வரமாட்டேன் என்று தந்தையிடம் கூறிவிட்டார்.

தந்தை வாதம் செய்யவில்லை. வீட்டையே காலி செய்துவிடுவதாகக் கூறினார். நேருக்கு நேர் பேச முடியாத நிலையில், ஒரே வீட்டில் இருந்த தந்தைக்கு மகள் கடிதம் எழுதினார். இயேசுவின் அறவுரைகளை மதிக்கிறேன். ஆனால் நம்பாத ஒன்றை நம்புவதுபோல் நடித்து வணங்க என்னால் இயலாது என்பது அதன் கருத்து. சில வாரங்கள் அவர் அண்ணன் வீட்டில் போய்த் தங்க நேர்ந்தது. உறவினரும் நண்பரும் இடைநின்றனர். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மகள் தந்தையோடு ஆலயத்திற்குச் செல்வார். அங்கே அமர்ந்து தாம் விரும்பியதை நினைத்துக்கொள்வார். 1849இல் தந்தை இறக்கும் வரையில் அருகிருந்து பணிவிடை செய்தவர் அந்த மகளே.

இது தோல்வியா என்று கேட்கலாம். உண்மைக்காகப் போராடியவர் மரியாதைக்குப் பணிந்துவிட்டார் என்று சொல்லவும் இடமுண்டு. ஆனால் 1843இல் தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதற்கு விளக்கம் தருகிறார். புதிதாக விடுதலை பெற்ற மனம், தான் பெற்றதை எல்லோரும் உடனே பெற வேண்டும் என்று துடிக்கிறது; சிறிது காலம் சென்றபின், பிழையென்று நாம் கருதும் கொள்கைகள்கூட ஒருவருடைய உயிரோடு பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம்; அவற்றைப் பிடுங்கினால் உயிரும் கிழியும்; அறிவால் எல்லோரும் ஒன்றுபடுவது கைகூடாது, உணர்ச்சியின் உண்மை ஒன்றே மக்களைப் பிணிக்கும் பொதுக் கயிறு என்று அவர் எழுதுகிறார்.

நேயர்கள் இங்கே சற்றே நின்று கவனிக்க வேண்டும். கண்டிப்பான சமயம் ஒருவருக்குப் பல கொள்கைகளைக் கற்பிக்கிறது. அவற்றோடு, கொள்கையைக் கொண்டு மனிதரை அளக்கும் பழக்கத்தையும் கற்பிக்கிறது. கொள்கைகள் ஒரே ஆண்டில் உதிர்ந்துவிடலாம். அந்தப் பழக்கம் எளிதில் போவதில்லை. நேற்று, நம்பாதவனோடு உனக்கென்ன உறவு என்று கேட்ட மனம், இன்று, நம்புகிறவனோடு எனக்கென்ன உறவு என்று கேட்கிறது. சட்டை மாறியிருக்கிறது, உள்ளே இருக்கும் ஆள் மாறவில்லை. இந்தப் பழக்கத்தையும் விடத் தொடங்கியபோதுதான் மேரி ஆன் உண்மையில் அந்தக் கண்டிப்பிலிருந்து விலகத் தொடங்கினார் என்று சொல்ல வேண்டும்.

அறிவு வழியில் அவர் பின்வாங்கவும் இல்லை. இயேசுவின் சரித்திரத்தை ஆராய்ந்து ஸ்டிராஸ் என்ற ஜெர்மானியர் எழுதிய பெருநூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1846இல் வெளியிட்டார். சிலுவைக் காட்சியின் அழகிய வரலாற்றைக் கூறுபோட்டுப் பார்ப்பது அவருக்கு நோயாகவே இருந்தது என்றும், அறையில் இருந்த கிறிஸ்துவின் உருவத்தைப் பார்த்துத்தான் அவ்வேலையைப் பொறுத்துக்கொண்டார் என்றும் அவருடைய தோழி ஒருவர் எழுதியிருக்கிறார். வணக்கம் போன பின்னும் வணக்கத்திற்குரிய அன்பு போகவில்லை. அடுத்து 1854இல் பாயர்பாக் என்ற தத்துவ ஆசிரியரின் நூலைப் பெயர்த்தார். கடவுளின் குணங்களாக மனிதன் போற்றியவை மனித இனத்தின் மேலான குணங்களே என்பது அந்நூலின் கொள்கை. கடவுள் அன்பாக இருக்கிறார் என்பதைத் திருப்பி, அன்பு தெய்வத்தன்மை உடையது என்று படிக்க அது கற்பித்தது.

தத்துவமாகக் கற்ற இதனை அவர் கதையாக்கியது 1861இல் வெளிவந்த 'சைலஸ் மார்னர்' என்னும் சிறு நாவலில். சைலஸ் ஓர் ஏழை நெசவாளி. 'லாந்தர் முற்றம்' என்ற இடத்தில் கூடும் கண்டிப்பான சிறு சபையைச் சேர்ந்தவன். நோயுற்ற சபைப் பெரியவர் ஒருவருக்கு இரவில் காவலிருந்தபோது அவன் நினைவிழந்துபோகிறான். பெரியவர் இறந்துவிடுகிறார், சபைப் பணமும் களவு போய்விடுகிறது. உற்ற நண்பனே பழியை இவன்மேல் சுமத்துகிறான். உண்மையை அறியத் திருவுளச் சீட்டு எடுக்கிறார்கள். சீட்டு இவனையே குற்றவாளி என்கிறது. நிச்சயிக்கப்பட்ட பெண்ணும் அந்த நண்பனையே மணந்துகொள்கிறாள். நீதியுள்ள கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டுச் சைலஸ் வேற்றூருக்குப் போகிறான். 15 ஆண்டுகள் தறியும் பொன்னுமே அவனுடைய உலகம். இரவில் பொற்காசுகளை எண்ணுவதே அவனுடைய பூசை.

பிறகு அந்தப் பொன்னும் திருடு போகிறது. புத்தாண்டுக்கு முந்திய இரவு, திறந்திருந்த கதவின் வழியாக ஒரு குழந்தை உள்ளே வந்து அடுப்பருகில் படுத்துக்கொள்கிறது. மங்கிய பார்வைக்கு அதன் பொன்னிறக் கூந்தல் இழந்த பொன்னாகவே தோன்றுகிறது. கையை நீட்டுகிறான், மென்மையான சுருள்முடி விரல்களில் படுகிறது. தாய் வெளியே பனியில் இறந்து கிடக்கிறாள். அன்று முதல் குழந்தை அவனுடையதாகிறது. அதை வளர்க்கும் வழியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறான். அதற்காக ஊராருடன் பழகுகிறான். அதன் ஞானஸ்நானத்திற்காக ஆலயத்திற்கும் போகிறான். அவனோடு யாரும் கடவுளைப் பற்றி வாதிட்டு வெல்லவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின், பழைய வழக்கின் உண்மை வெளிப்பட்டதா என்று அறிய மகளை அழைத்துக்கொண்டு லாந்தர் முற்றத்தைத் தேடிப் போகிறான். அந்த இடமே இல்லை. ஓர் ஆலை எழும்பியிருக்கிறது. சீட்டு ஏன் பொய் சொன்னது என்ற கேள்விக்கு இறுதி வரையில் விடை கிடைப்பதில்லை. இந்த மகள் வந்த நாள்முதல் நம்பி வாழப் போதிய வெளிச்சம் எனக்கு இருக்கிறது என்ற கருத்தோடு அவன் திரும்பிவிடுகிறான். சமயத்தை விட்டவர்களுள் பலர், தமக்கு இழைக்கப்பட்ட தவறுக்கு அந்தச் சபையே ஒரு நாள் விடை சொல்லும் என்று காத்திருந்து வாழ்நாளைக் கழிக்கிறார்கள். விடை வராமலேயே வாழ்க்கை முழுமை பெறக்கூடும் என்பது இந்நாவல் தரும் ஆறுதல்.

விட்டுவந்த பக்தர்களை அவர் இகழவில்லை என்பதற்கு 1859இல் வெளிவந்த 'ஆடம் பீட்' சான்று. அவருடைய சித்தப்பாவின் மனைவி ஒரு மெதடிஸ்ட் பிரசங்கி. குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஒரு பெண்ணோடு சிறையில் இரவெல்லாம் இருந்து ஜெபித்ததை அவர் ஒரு முறை மேரி ஆனிடம் சொல்லியிருந்தார். அந்த விதையிலிருந்துதான் நாவல் முளைத்தது. அதில் வரும் டைனா என்ற பிரசங்கிப் பெண்ணைப் போல் தூய பக்தையைச் சித்திரிக்க நம்பிக்கையாளர்களாலும் எளிதில் இயலாது. மனிதரின் துயரமும் தூய்மைக்கான ஏக்கமும் வெளிப்பட்ட எந்தச் சமயத்தின்மீதும் இப்போது எனக்குப் பகை இல்லை என்று அதே ஆண்டில் அவர் ஒரு நண்பருக்கு எழுதினார். பழைய கொள்கைக்குத் திரும்பவில்லை என்பதையும் அதே கடிதத்தில் தெளிவாகச் சொல்லுகிறார்.

இத்தனை பரிவுக்கும் ஈடாக அவருக்குக் கிடைத்ததென்ன? விவாகரத்துப் பெற முடியாத நிலையில் இருந்த ஜார்ஜ் ஹென்றி லூயிஸ் என்ற எழுத்தாளரோடு 1854 முதல் மணமின்றியே அவர் வாழ்ந்தார். 1857இல் செய்தியை அறிந்த அண்ணன் ஐசக் உறவை அறுத்துக்கொண்டார். 23 ஆண்டுகள் ஒரு வரி எழுதவில்லை. லூயிஸ் இறந்தபின், 1880இல், தங்கை வேறொருவரைத் தேவாலயத்தில் முறைப்படி மணந்தபோதுதான் வாழ்த்துக் கடிதம் வந்தது. அந்த மௌனத்தின் தொடக்க ஆண்டுகளில் எழுதப்பட்டதே அண்ணன் தங்கை கதையான 'மில் ஆன் தி பிளாஸ்'. அதில் கண்டிப்பான அண்ணனை அவர் பழிவாங்கவில்லை. வெள்ளத்தில் இருவரையும் தழுவியபடி மூழ்கவிடுகிறார்.

அம்மையாரைக் குறைகூறியவர்களும் உண்டு. கிறிஸ்தவக் கடவுளை விட்டுவிட்டுக் கிறிஸ்தவ ஒழுக்கத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை என்று 1889இல் வெளிவந்த நூலில் நீட்சே அவர் பெயரைச் சொல்லியே கேட்டார். இது எளிதில் தள்ளக்கூடிய கேள்வியன்று. அதற்கு முன்பே எழுதப்பட்ட 'மிடில்மார்ச்' நாவலில் இதற்கு ஒருவகை விடை இருக்கிறது. பக்திமானாக மதிக்கப்பட்ட பல்ஸ்டிரோட் என்ற வங்கிக்காரரின் பழைய குற்றம் அம்பலமாகிறது. செய்தி அறிந்த மனைவி அறைக்குள் போய்த் தாளிட்டுக்கொள்கிறாள். நகைகளை எல்லாம் கழற்றி வைக்கிறாள். கறுப்பு உடை அணிகிறாள். கீழே வந்து கணவன் அருகில் அமர்கிறாள். நீர் குற்றமற்றவரா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவரும் அழுகிறார்கள். அவளை அங்கே கொண்டுவந்து உட்காரவைத்தது கூடி வாழ்ந்த பல ஆண்டுகளின் அன்பு. அந்த அன்பு தேடி எடுத்து உடுத்த எளிய கறுப்பு உடை சமயம் நெய்து தந்தது. அம்மையார் இந்தக் கடனை மறைத்ததே இல்லை.

1873இல் கேம்பிரிட்ஜ் கல்லூரித் தோட்டம் ஒன்றில் மழை தூறிய மாலைப் பொழுதில் அவரோடு உலாவிய மையர்ஸ் என்ற அறிஞர் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கடவுள், அழியாமை, கடமை என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு, முதலாவது எண்ணத்திற்கு எட்டாதது, இரண்டாவது நம்ப முடியாதது, மூன்றாவதோ விலக்க முடியாத ஆணை என்று அம்மையார் கூறினாராம். இது எல்லோருக்கும் போதிய ஆறுதலாகாது. மறுமையில் சந்திப்போம் என்ற நம்பிக்கை இல்லாதவருக்கு, இருக்கும்போதே அன்பு செய்ய வேண்டிய அவசரம் உண்டு. அந்த அவசரத்தையே அவர் தம் சமயமாகக் கொண்டார் எனலாம்.

1880ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் கிடைக்காமல் லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். நூறு ஆண்டுகள் சென்றபின், 1980இல், அவ்வாலயத்தின் கவிஞர் மூலையில் அவர் பெயர் பொறித்த கல் பதிக்கப்பட்டது. ஆலயத்திற்கு அதற்கு நூறு ஆண்டு தேவைப்பட்டது. எந்த நாட்டிலும் எந்தச் சமயத்திலும் நம்பிக்கையின் பிளவு முதலில் நேர்வது வீட்டிற்குள்ளேதான். அங்கே அவ்வளவு காலம் காத்திருக்க ஒருவருக்கும் ஆயுள் இல்லை. ராபர்ட் எவான்ஸும் அவர் மகளும் நான்கே மாதங்களில் ஒரு வழி கண்டார்கள். இருவரில் ஒருவரும் தம் கொள்கையை விடவில்லை. ஒருவரை ஒருவரும் விடவில்லை.